உரிமையாளர்: தெரியாத கணக்கு

பதினாறு வயதுக் கணினி மார்ச் மாதம் மூச்சை நிறுத்தியது.
வட்டை மட்டும் உருவி
சிகரெட் பெட்டி அளவு உறைக்குள் போட்டு
புதியதோடு கம்பியால் கோத்தேன்.
வெளியே போரா.
த்ரியெஸ்தேயில் அதைக் காற்று என்று சொல்வதில்லை,
பெயர் சொல்லித்தான் திட்டுவோம்.

முப்பத்தொரு வருடப் பியானோக்கள் அந்த வட்டில்.
எந்த வீட்டுக் கட்டைகள் ஈரத்துக்கு ஊதிக்கொள்ளும்,
எந்தப் பள்ளியில் 'லா' மாதத்துக்கு ஒரு நூலிழை இறங்கும்,
ரொயானோவில் பாதிரியார் வீட்டுப் பியானோவின் வயிற்றில்
மூன்று லீராக் காசுகளும் ஒரு பால் பல்லும்
கிடந்த தேதி.

சொடுக்கினேன்.
இதைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை.

எனக்கா?

பண்புகள், பாதுகாப்பு, மேம்பட்டவை என்று
அறை அறையாக உள்ளே போனேன்.
உரிமையாளர் என்ற இடத்தில் ஆள் இல்லை.
எஸ், ஒன்று, ஐந்து, இருபத்தொன்று,
அப்புறம் சரக்கு ரயில் போல நீளும் எண்கள்,
வால் பெட்டியில் ஆயிரத்தொன்று.
தெரியாத கணக்கு.

அந்தத் தெரியாத ஆள் நான்தான்.
அங்கேயும் நீவெஸ், இங்கேயும் நீவெஸ்,
கடவுச்சொல்கூட அதே செத்துப்போன நாய்.
இயந்திரம் பெயரைப் பார்ப்பதில்லை;
கணக்குப் பிறந்த அன்று தந்த எண்ணைத்தான் பார்க்கிறது.
எங்கள் குடும்பப் பெயரை மூன்று அரசுகள்
மூன்று விதமாக எழுதின.
மூன்றுக்கும் அப்பா "ஆமாம், நான்தான்" என்று
கையெழுத்துப் போட்டார்.
இதனிடம் அது பலிக்காது.

கீழ்வீட்டு ஸ்தேலியோவை அழைத்தேன்.
துறைமுகச் சுங்கத்தில் கணினிகளுக்குப் பொறுப்பு.
எதையோ மென்றுகொண்டே சொன்னார்:
"நிர்வாகி என்றால் எல்லாம் தானாகத் திறந்துவிடாது.
ஆனால் எதையும் தனதாக்கிக்கொள்ளலாம்.
முதலில் உரிமையை எடுங்கள், பிறகு அனுமதி கொடுங்கள்."
"யாருக்கு?"
"உங்களுக்கு."

திரை இருண்டது.
ஒரு கேள்வி மட்டும் வெளிச்சத்தில் நின்றது:
இந்த மாற்றத்தை அனுமதிக்கிறீர்களா?
ஆம்.
பெயர்கள் ஓடத் தொடங்கின.
கன்னியர் பள்ளி, படகுக் கழகம், பல் மருத்துவர் விதுசி,
ஒவ்வொன்றும் கண்சிமிட்டும் நேரம் நின்று
என் பேருக்கு மாறியது.

ஒன்று மட்டும் மாறியும் திறக்கவில்லை.
அதற்கு 'எல்' என்று பெயர்.
அதே வாக்கியம், அதே எழுத்துரு.
உள்ளே போய்ப் பார்த்தால் ஒரே ஒரு வரி:
அனைவர் – மறு.

அந்தக் கணினியை என்னைத் தவிர யார் தொட்டார்கள்?
அனைவர் என்றால் நான்.

இரண்டாயிரத்து ஒன்பது நவம்பர்,
லீவியோ மோன்ஃபால்கோனேவுக்குப் பெட்டி கட்டிய வாரம்.

ஒரு சுரத்துக்கு மூன்று தந்திகள்.
நடுத்தந்தியைச் சேர்க்கும்போது
பக்கத்துத் தந்திகளைக் கம்பளித் துண்டு செருகி அடக்குவோம்.
முடிந்ததும் உருவிவிட வேண்டும்,
இல்லாவிட்டால் வீட்டுக்காரர் இரவே போன் செய்வார்.
இதற்கு யாரும் போன் செய்யவில்லை.

என்னைத் தெரியாமல் அது போட்ட பூட்டும்
என்னைத் தெரிந்து நான் போட்ட பூட்டும்
வெளியே நின்று பார்த்தால் ஒரே வாசகம்.

"மறு என்பது அனுமதிக்கு முன்னால் நிற்கும்,"
ஸ்தேலியோ இன்னும் இணைப்பில் இருந்தார்.
"அந்த வரியை நீக்கினால் போதும். நான் மேலே வரட்டுமா?"
வேண்டாம், சாப்பிடுங்கள் என்றேன்.

நீக்கினேன்.

எட்டுப் படங்கள். அவற்றைத் தொடவில்லை.
ஒரு ஒலிக்கோப்பு, நாற்பது நொடி.
அவன் சிரிப்பதற்கு முன்
விளையாட்டாய் ஒரு விரலால் 'லா'வைத் தட்டுகிறான்.
கை தானாகச் சுருதிக்கவைக்குப் போனது.
முழங்கையில் தட்டிக் காதருகே பிடித்தேன்.
இறங்கியிருந்தது, நன்றாகவே.
எங்கள் பியானோ. நான் சேர்த்தது.

மறுபடி கேட்டேன்.
சிரிப்பு எங்கே தொடங்குகிறது என்பதைவிட
எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதுதான் உறுத்தியது.

ஒன்பதரைக்கு ஓபிச்சீனாவில் ஒரு வீடு இருக்கிறது,
டிராம் ஓடுகிறதோ என்னவோ.
கோப்பை இழுத்துப் பியானோக்களின் நடுவே போட்டேன்.
குறிப்பு: லா, தாழ்வு. மீண்டும் பார்க்கவும்.
இம்முறை இயந்திரம்
எதுவும் கேட்கவில்லை.